வண்டிச் சுவரில் ரெண்டு தட்டு

இதைக் கதைன்னு நினைச்சு உக்காந்தவங்க இப்பவே எழுந்து போகலாம். எனக்கு நஷ்டம் இல்லை. நான் நாலாவதோட நின்னவன், கதை கட்டத் தெரியாது. பேர் பரமசிவம். காஞ்சிபுரத்துல பட்டுத் தறி நெய்யிறேன். சாமியை நம்புவேன், பூசாரியை நம்ப மாட்டேன். பேயை அதுவரைக்கும் ஒரு பொருட்டாவே நினைச்சது இல்லை. இப்ப என் வலது மணிக்கட்டுக்குள்ள கம்பி வெச்சிருக்குது. என் சம்சாரத்துக்கு இடது காது கேக்காது. இது ரெண்டும் எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். நம்பறது உங்க இஷ்டம்.

"கேம்பர் வேன் நல்லதா கெட்டதா பெரியவரே?"ன்னு என்னைக் கேக்கறவங்க ஜாஸ்தி ஆயிட்டாங்க. என் பையன் ஜெயக்குமார் அப்படி ஒண்ணு செஞ்சது தெருவுக்கே தெரியும். அதனால அதை முதல்ல சொல்லிடறேன்.

நல்லது இருக்குது. இல்லைன்னா பொய். கடைங்களுக்கு சரக்கு போடுற மூடின வேன் பாத்திருப்பீங்க. ரெண்டு பக்கமும் ஜன்னல் கிடையாது, வெறும் தகரம். அதைப் பழசா வாங்கி உள்ள கட்டில், அடுப்பு, தண்ணித் தொட்டி, கக்கூஸ் எல்லாம் வெச்சா ஓடுற வீடு. பஸ்ஸை வாங்கி மாத்துறதை விட செலவு கம்மி. நம்ம ஊர் சந்துல எல்லாம் நுழையும். கூரை உசரம், ஆம்பளை நிமிர்ந்து நிக்கலாம். ரோட்டோரம் நிறுத்தினா சரக்கு வண்டின்னு நினைச்சுக்கினு போயிடுவான், உள்ள ஆள் படுத்திருக்கிறது தெரியாது. பொம்பளைங்களுக்கு ரொம்ப சௌகரியம். என் சம்சாரம் தில்லையம்மாளுக்கு சக்கரை வியாதி. அரை மணிக்கு ஒரு தரம் ஒதுங்கணும். அதுக்கு வெக்கப்பட்டுக்கினே பல வருஷமா ஒரு கல்யாணம் இல்லை, ஒரு கோயில் இல்லை, வீட்டை விட்டு நகரலை. வண்டிக்குள்ளயே கக்கூஸ் இருக்குதுன்னு கேட்டதும் அவ மூஞ்சி எப்படி ஆச்சுன்னு பாத்தேன். அதுக்காகத்தான் நானும் வாயை மூடிக்கினு இருந்தேன்.

கெட்டதும் இருக்குது. தகரம் சுடும். ஜன்னல் வெட்டினா மழைக்கு ஒழுகும், வெட்டின இடத்துல துரு பிடிக்கும். வெட்டலைன்னா வெளியே எவன் நிக்கறான்னு தெரியாது. ஆர்டிஓ ஆபீஸ்ல மாத்தி எழுதலைன்னா போற வழியெல்லாம் நின்னு நின்னு பதில் சொல்லணும். சூடு தெரியாம இருக்க தெர்மாகோல் ஒட்டி மேல பலகை அடிக்கணும், அது பாதி இடத்தைத் தின்னுடும். எல்லாத்தையும் விட மோசம் கதவு. பின்னாடி மூட்டைதானே போவுதுன்னு, சில வண்டியில கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியே வைக்க மாட்டான். மூட்டைக்கு எதுக்குக் கைப்பிடி.

போன வைகாசியில ஒரு சனிக்கிழமை. வெள்ளோட்டம் பாக்கலாம்னு கிளம்பினோம். ஜெயக்குமார், மருமக சத்யப்ரியா, நான், தில்லையம்மாள். தூரம் வேணாம், பக்கத்துல திருமுக்கூடல் கோயில் போதும்னு நான்தான் சொன்னேன். வண்டி நின்னுபோனா தள்ளிக்கினாவது வந்துடலாம்.

"பயமா இருந்தா ஹெல்மெட் போட்டுக்கினு உக்காரு நைனா"ன்னான் ஜெயக்குமார்.

"நீ ஓட்டுற ஓட்டுக்கு ஹெல்மெட் பத்தாதுடா"ன்னேன்.

சத்யப்ரியா சிரிச்சா. "மாமா இன்னும் பிரேக்கை நம்பலை"ன்னா. தில்லையம்மாள் எதையும் காதுல வாங்கலை. கல்யாணப் பொண்ணு மாதிரி பூ வெச்சுக்கினு, கட்டில்ல காலை நீட்டிக்கினு கூரையைப் பாத்துக்கினே வந்தா. ரெண்டு தரம் கக்கூஸ் போனா. ரெண்டாவது தரம் தேவையே இல்லை, சும்மா போனான்னு எனக்குத் தெரியும்.

நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள கோயில் நடை சாத்திட்டாங்க. இனிமே சாயங்காலம்தான். பாலாத்தங்கரையில ஒரு புங்கமரத்து ஓரமா வண்டியை நிறுத்தினான். நிழல் பாதி வண்டிக்குத்தான் வந்தது. ஆத்துல தண்ணி இல்லை. மணல் கண்ணைக் குத்துச்சு. உச்சி வெயில். சுத்தி ஒரு ஆள் இல்லை, ஒரு ஆடு இல்லை.

ரோட்டுக் கடைக்குப் போய் சாப்பாடு வாங்கிக்கினு வர்றோம்னு பிள்ளையும் மருமகளும் இறங்கினாங்க.

"கதவை இழுத்து விட்டுட்டுப் போறேன் நைனா. இல்லைன்னா அனல் உள்ள வரும்."

"உள்பக்கம் கைப்பிடி இருக்குதா?"

"அடுத்த வாரம் வருது."

"அப்ப கதவையும் அடுத்த வாரம் மூடிக்கலாம்."

முணுமுணுத்துக்கினே போனான். இழுக்குற கதவை ஒரு முழம் திறந்து வெச்சு, ஓடுற தடத்துல ஒரு செங்கல்லைக் கிடத்தினேன்.

போன்ல மணி 12.50.

முதல்ல சுவரைத்தான் கவனிச்சேன். கட்டில் இடது பக்கத்துச் சுவரை ஒட்டி இருந்தது. வெயில் அடிக்கிற பக்கமும் அதான். பலகையில கை வெச்சா சுடணும். ஜில்லுனு இருந்தது, தண்ணிப் பானையைத் தொட்ட மாதிரி.

"இந்தப் பக்கம் சுகமா இருக்குதுங்க"ன்னு தில்லையம்மாள் சுவரோட ஒண்டிப் படுத்துக்கினா. பையன் வேலையை சுத்தமா செஞ்சிருக்கான்னு நினைச்சேன். மனசுக்குள்ள அவனை மெச்சினேன்.

அப்புறம் துண்டு. மேல கொக்கியில என் துண்டு தொங்கிச்சு. நேரா தொங்கலை. சுவரைப் பாத்து சாஞ்சிருந்தது. ஃபேன் காத்தா இருக்கும்னு ஃபேனை நிறுத்தினேன். துண்டு அப்படியே சாஞ்சுதான் இருந்தது... வண்டி சாய்வா நிக்குதோன்னு சொம்பைப் பாத்தேன். தண்ணி மட்டமா இருந்தது.

அப்புறம் ஒரு ஸ்குரு. பலகையில ஒண்ணு மட்டும் கொஞ்சம் வெளியே துருத்திக்கினு இருந்தது. கட்டைவிரலால அழுத்தினேன். உள்ளே போச்சு. விரலை எடுத்தேன். மெதுவா வெளியே வந்தது... அந்தப் பக்கத்துலேருந்து யாரோ தள்ளுற மாதிரி.

மரத்தூள் வாசனை வேற. இப்பதான் அறுத்த மரம் மாதிரி. மர வேலை முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு.

இறங்கிடலாம்னு தோணுச்சு. தில்லையம்மாளுக்குக் கண்ணு சொக்கிடுச்சு. எத்தனை வருஷம் கழிச்சு வெளியே வந்திருக்கா. கொஞ்சம் தூங்கட்டும்னு விட்டேன்.

1.10 இருக்கும்.

டக்... டக்.

ரெண்டு தட்டு. சுவர்லேருந்து.

இங்க ஒண்ணு சொல்லணும். நெய்யிறப்ப குறுக்கால ஓடுற நாடாக்கட்டைக்குள்ள தார் போட்டிருப்போம். தார்னா நூல் சுத்தின சின்னக் குழல். அது தீர்ந்துபோச்சுன்னா நான் வாயைத் திறந்து கூப்பிட மாட்டேன். நாடாவால தறிமரத்துல ரெண்டு தட்டு தட்டுவேன். உள்ள தார் சுத்திக்கினு இருக்கிற தில்லையம்மாள் "தோ வரேன்"னு குரல் குடுப்பா. கொண்டாந்து குடுப்பா. கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படித்தான். தூங்கிக்கினு இருந்தாலும் ரெண்டு தட்டு கேட்டா அவ வாய் தானா பதில் சொல்லும்.

டக்... டக்.

"தோ வரேன்"னா தில்லையம்மாள். கண்ணைத் திறக்கலை.



"யாருக்குடி பதில் சொல்றே?"

"நீங்கதானே தட்டுனீங்க."

"நான் இங்க உக்காந்துக்கினு இருக்கேன். கை ரெண்டும் மடியில இருக்குது பாரு."

கண்ணைத் திறந்தா. என் கையைப் பாத்தா. சுவரைப் பாத்தா.

"வெளிய பசங்க யாராவது..."

தலையை நீட்டிப் பாத்தேன். யாரும் இல்லை. மணல்ல எங்க காலடி மட்டும்தான். வண்டியைச் சுத்திக்கினு அந்தப் பக்கம் போன தடம் ஒண்ணும் இல்லை.

தலையை உள்ள இழுத்தேன்.

கதவு தானா ஓடி வந்தது. செங்கல் ரெண்டா உடைஞ்சுது. என் மூக்குக்கு நாலு விரல் தள்ளி கதவு மூடிக்கிச்சு.

இருட்டு. கூரை ஃபேன் ஓட்டையில மட்டும் கொஞ்சம் வெளிச்சம்.

டக் டக் டக் டக் டக்...

இப்ப தார் கேக்குற தட்டு இல்லை. அவசரத் தட்டு. வரேன்னு சொன்னியே, வாயேன்னு கூப்பிடுற மாதிரி.

"எழுந்து வாடி"ன்னேன்.

எழுந்திருக்கப் பாத்தா. முடியலை. கொண்டை சுவரோட ஒட்டிக்கினு இருந்தது.

அப்புறம் இழுத்துச்சு.

தலை பலகையில மோதுச்சு. தொப். தலை முன்னாடி வந்தது. மறுபடி தொப். பூவெல்லாம் சிதறுச்சு. காதுலேருந்து ரத்தம். "விடுங்க, விடுங்க"ன்னு கத்தினா. என்னைத்தான் சொல்றான்னு நினைச்சேன்... நான் இன்னும் அவளைத் தொடவே இல்லை.

பலகை உள்வாங்குச்சு. ஈரத் துணி மாதிரி. அவ தோள் அதுக்குள்ள புதைஞ்சுது. ஒட்டுப்பலகை அப்படி மடங்காது. என் கண்ணெதிர்ல மடங்குச்சு.

பாஞ்சேன். இடது கையால அவ இடுப்புக்குக் கீழே ரெண்டு காலையும் சேத்துக் கட்டிக்கினேன். கட்டிலுக்கு அடியில ஜாக்கி கம்பி கிடந்தது. வலது கையால எடுத்தேன். அவ தலைக்கு மேல பலகையில ஓங்கி ஒண்ணு போட்டேன்.

அதே இடத்துல உள்ளேருந்து திருப்பி ஒண்ணு விழுந்தது.

மறுபடி போட்டேன். மறுபடி திருப்பிப் போட்டுச்சு. எனக்கு எவ்வளவு பலமோ அதை விட ஒரு பங்கு ஜாஸ்தி. பலகை சிராய் தெறிச்சு என் நெத்தியில குத்துச்சு. கண்ணுல ரத்தம் இறங்குச்சு.

மூணாவதுக்கு அது காத்திருக்கலை.

என் மணிக்கட்டு மேல விழுந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியலை. எலும்பு ஒடிஞ்ச சத்தம் மட்டும் கேட்டுச்சு... காஞ்ச மூங்கில் ஒடியற மாதிரி. கம்பி நழுவிச்சு. கை தொங்கிப்போச்சு.

தில்லையம்மாள் கத்துறது நின்னுபோச்சு. முகம் பலகைக்குள்ள போயிடுச்சு. ஒரு கையும் போயிடுச்சு.

புடவையைப் பல்லால கடிச்சு இழுத்தேன். நூல் புடவை. கிழிஞ்சுது. முன்பல்லு ஒண்ணு அதோட வந்துடுச்சு.

என் ரெண்டு காலையும் அவ காலைச் சுத்திப் பின்னிக்கினேன். அடுப்புப் பலகையில முதுகை முட்டுக் குடுத்தேன். தறிக்குழியில மிதிச்ச காலு. அது ஒண்ணுதான் எனக்கு மிச்சம்.

இழுத்துச்சு.

விடலை.

இடுப்பு வரைக்கும் போயிடுச்சு...

"போகாதடி"ன்னேன்.

சுவருக்குள்ளேருந்து அவ குரல் வந்தது. மெதுவா. தூக்கத்துல பேசற மாதிரி.

"தோ வரேன்."

எனக்குச் சொல்றாளா...

அதுக்குச் சொல்றாளா...

இழுத்துச்சு.

விடலை.

கதவு திறந்துச்சு.

வெளிச்சம். கையில சாப்பாட்டுப் பொட்டலத்தோட ஜெயக்குமார்.

அந்த நொடியே எல்லாம் விட்டுடுச்சு. தில்லையம்மாள் என் நெஞ்சு மேல வந்து விழுந்தா. பலகை பழையபடி தட்டையா நின்னுச்சு. என் கம்பி பட்ட இடத்துல மட்டும் சிராய்.

இப்ப என் பையன் கண்ணால பாருங்க. அம்மா மூஞ்சியெல்லாம் ரத்தம். ஒரு பக்கம் முடி கொத்தா பிடுங்கியிருக்குது. புடவை கிழிஞ்சிருக்குது. அப்பன் அவளைக் காலால கிடுக்கிப்பிடி போட்டிருக்கான். பக்கத்துல இரும்புக் கம்பி.

"நைனா... இன்னா பண்ணே?"

என் வாயில ரத்தம்.  சட்டையைக் கொத்தா பிடிச்சு வெளியே இழுத்து மணல்ல போட்டான். என் மேல ஏறி உக்காந்தான். கழுத்துல கை வெச்சான். பெத்த பிள்ளை கண்ணுல அப்படி ஒரு வெறியை நான் பாத்ததில்லை. ஒரு அறை விட்டான். இன்னொண்ணுக்குக் கை ஓங்கினான்.

"இருங்க, அத்தை இன்னாவோ சொல்றாங்க"ன்னா சத்யப்ரியா.

தில்லையம்மாள் அவ மடியில கிடந்தா. கண்ணு பாதிதான் திறந்திருந்தது.

"அவரை அடிக்காதே ஜெயா. அவருதான்டா என் காலைப் பிடிச்சுக்கினு இருந்தாரு."

அப்பதான் என் கழுத்தை விட்டான்.

"கதவை எப்படிடா திறந்தே?"ன்னு கேட்டேன்.

"பூட்டவே இல்லையே நைனா. ஒரு விரலால தள்ளினேன்."

ஆஸ்பத்திரியில, வண்டி சடன் பிரேக் போட்டதுல விழுந்துட்டாங்கன்னு ஜெயக்குமாரே சொன்னான். அவங்க நம்பினாங்களோ இல்லையோ, தையல் போட்டாங்க. தில்லையம்மாள் பொழைச்சா. இடது காது போனது போனதுதான். கன்னத்துல ஒட்டுப்பலகையோட ரேகை பத்து நாளைக்கு அழியாம இருந்தது.

அம்மா சொன்னதை ஜெயக்குமார் முழுசா நம்பலை. தலையில அடிபட்டவ, பயத்துல உளர்றா, இல்லைன்னா புருஷனைக் காப்பாத்துறான்னு அவனுக்கு ஒரு எண்ணம். அவ இருக்கிற அறையில என்னைத் தனியா விட மாட்டான். நான் தண்ணி கொண்டுபோனாலும் பின்னாடியே வந்து நிப்பான். எத்தனை நாளைக்குத் தாங்குறது.

"பலகையைக் கழட்டுடா. உள்ள ஒண்ணும் இல்லைன்னா நானே போலீஸ்ல போய் உக்காந்துக்கறேன்"ன்னேன்.

ஊருக்குப் பக்கத்துல ஓரிக்கையில, அவன் இந்த வண்டியை மாத்தின ஷெட்டு வாசல்லதான் வண்டி நின்னுச்சு. நல்ல வெளிச்சத்துல போனோம். நான் உள்ள ஏறலை. கதவுக்கு வெளியே நின்னு, கதவைத் தோளால முட்டுக் குடுத்துக்கினு இருந்தேன். கட்டிலை எடுத்துட்டு அவனே ஒவ்வொரு ஸ்குருவா கழட்டினான். பலகையை இறக்கிக் கீழே வெச்சான்.

பின்னாடி தெர்மாகோல். வெள்ளை அட்டை, ரெண்டு விரல் கனம்.

அதுல பள்ளம் விழுந்திருந்தது.

ஒண்ணு பெரிசு. நின்ன வாக்குல. ஆம்பளை அளவு.

அதுக்குப் பக்கத்துல, கட்டில் உசரத்துல, படுத்த வாக்குல இன்னொண்ணு. தலை. தலைக்குப் பின்னாடி உருண்டையா கொண்டை. தோள். ஒரு கை. இடுப்பு. அதோட நின்னுபோச்சு. அதுக்குக் கீழே அட்டை வழவழன்னு புதுசா இருந்தது. நான் பிடிச்சுக்கினு இருந்த இடம் அது.

ஜெயக்குமார் பெரிய பள்ளத்துக்குள்ள கையை விட்டான்.

மணிக்கட்டு போச்சு. முழங்கை வரைக்கும் போச்சு.

ரெண்டு விரல் கனத்துக்குள்ள.

கதவுக்கு ஒரு கட்டையை முட்டுக் குடுத்துட்டு, நான் சுத்திக்கினு வண்டிக்கு அந்தப் பக்கம் போனேன். தகரம் தட்டையா இருந்தது. தொட்டேன், சுட்டுச்சு.

"விரலை ஆட்டுடா"ன்னேன்.

"ஆட்டிக்கினுதான் இருக்கேன் நைனா."

"கையை எடு."

எடுத்தான். இறங்கி வந்து தரையில உக்காந்துட்டான்.  அப்புறம் சொன்னான்.

"இந்தப் பக்கம் பலகை அடிச்சது அப்பாதுரை ஆசாரி. கடைசிப் பலகை அடிச்சிக்கினு இருந்தாரு. நான் டீ வாங்கப் போனேன். வந்து பாத்தா ஆளைக் காணோம். பலகை முடிஞ்சிருந்தது. சுத்தியல் உள்ள கிடந்தது. செருப்பு வண்டி வாசல்ல கிடந்தது. சொல்லாம கொள்ளாம ஊருக்குப் போயிட்டாருன்னு நினைச்சேன். அவர் சம்சாரம் இன்னும் தேடிக்கினு இருக்குது நைனா."

"அப்ப அவர்கூட யார் இருந்தாங்க?"

"யாரும் இல்லை."

திரும்பி அந்தப் பெரிய பள்ளத்தைப் பாத்தேன்.

பின்தலை, முதுகு, இடுப்பு, முழங்கால், குதிகால்...

அது முழுசா இருந்தது.